அமில மழைக்குப் பெயர் வைத்தவர்

மிசிசாகாவில் மேவிஸ் வீதியும் ரயில் பாதையும் சந்திக்கும் இடத்தைத் தாண்டித்தான் நான் பல வருடங்கள் வேலைக்குப் போய் வந்தேன். இன்று அந்த வழியால் போகிறவர்களில் அநேகருக்கு அது வெறும் ரயில் பாதை. 1979 நவம்பர் 10ஆம் திகதி நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்பு அங்கே 106 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டது. சக்கர அச்சு ஒன்றின் தாங்கி சூடேறி எரிந்து முறிந்ததுதான் காரணம். புரோப்பேன் தாங்கிகள் வெடித்தன. அவற்றின் நடுவே 90 தொன் குளோரீன் ஏற்றிய தாங்கி ஒன்று ஓட்டையோடு கிடந்தது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். மூன்று மருத்துவமனைகளின் நோயாளர்களும் அவர்களில் அடக்கம். கடைசித் தொகுதியினர் வீடு திரும்ப ஆறு நாட்கள் ஆயின. ஒருவர்கூட இறக்கவில்லை. குளோரீனின் பெரும்பகுதியை முதல் வெடிப்பின் வெப்பமே மேலே அள்ளிக்கொண்டு போய்விட்டது என்கிறார்கள். அன்றைய நகர முதல்வர் ஹேசல் மெக்கலியன் 2023இல் தமது 101ஆவது வயதில் இறந்தபோது பத்திரிகைகள் முதலில் நினைவுகூர்ந்த சம்பவங்களில் இதுவும் ஒன்று.

குளோரீன் எனக்குப் புதியதல்ல. ஆனையிறவு உப்பளத்து உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை வன்னியைத் தெரிந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1950களில் தொடங்கி 1980களில் போரினால் நின்றுபோன தொழிற்சாலை அது. எங்கள் மாமா ஒருவர் அங்கே வேலை செய்தார். வெளிற்றும் தூளின் மணம் எங்கே வந்தாலும் எனக்கு அவருடைய சைக்கிள்தான் ஞாபகம் வரும்.

கனடாவுக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த வேலையும் இதைச் சுற்றியதாகவே அமைந்தது. இரசாயனப் பொருட்களை எந்த அளவில், எந்த நிபந்தனையில் அனுமதிக்கலாம் என்று பார்க்கும் அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு கழிந்த காலம் அது. கனடாவில் புழக்கத்தில் இருந்த ஏறத்தாழ 23,000 பொருட்களை 2006 வரை வகைப்படுத்தி, அவற்றில் சுமார் 4,300ஐ மேலும் ஆராயவேண்டும் என்று ஒதுக்கினார்கள். அந்த மலையில் நான் தூக்கியது சில கூழாங்கற்கள் மட்டுமே. ஒருநாள் பிறந்தநாள் விருந்து ஒன்றில் பழைய நண்பர் ஒருவர், இத்தனை வருடத்தில் நீ எத்தனை தொழிற்சாலைகளை மூடினாய், எத்தனை பேரை நீதிமன்றத்துக்கு அனுப்பினாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்பதே உண்மையான பதில். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியோடு நூலகத்துக்குப் போனபோதுதான், எனக்கு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் இதே வேலையை முதன்முதலில் செய்த ஒருவரின் வாழ்க்கையை ஒழுங்காகப் படித்தேன். அவர் ராபர்ட் அங்கஸ் ஸ்மித். அமில மழை என்ற சொல் அவருடைய நூலால்தான் உலகத்துக்கு வந்தது. ஆயினும் அவருடைய பெரிய வேலை மழையைவிடப் புகைபோக்கிகளோடுதான் இருந்தது.

பாதிரியாராக வேண்டியவர்

ஸ்மித் 1817 பெப்ரவரி 15ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவை அடுத்த பொலொக்‌ஷோஸ் என்ற ஊரில் பிறந்தார். சமயப்பற்று மிகுந்த குடும்பம். மகன் பாதிரியாராக வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். சிறு வயதிலேயே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் பெறாமலே வெளியேறினார். வசதியான குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். அந்த வேலையே அவரை ஜெர்மனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கீசன் நகரில் யுஸ்டஸ் லீபிக் நடத்திய ஆய்வுகூடம் அன்று ஐரோப்பாவின் இரசாயன மாணவர்களுக்கெல்லாம் ஒரு குருகுலம். அங்கே படித்து 1841இல் முனைவர் பட்டத்துடன் திரும்பினார். திரும்பிய பின்னும் பாதிரியார் ஆவதா என்ற தடுமாற்றம் அவருக்கு இருந்தது.

லீபிக்கின் இன்னொரு மாணவரான லியோன் பிளேஃபேர் மான்செஸ்டரில் இருந்தார். அவருடைய உதவியாளராகப் போய்ச் சேர்ந்த ஸ்மித், வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த நகரத்திலேயே கழித்தார். நகரங்களின் சுகாதார நிலையை ஆராய நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழுவின் வேலைகளில் பிளேஃபேர் ஈடுபட்டிருந்தார். இரசாயனத்தைக் குடிமக்களின் உயிரோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் ஸ்மித்துக்கு அங்கேதான் ஏற்பட்டிருக்க வேண்டும். பிளேஃபேர் 1845இல் மான்செஸ்டரை விட்டுப் போனார். ஸ்மித் தங்கி, ஆலோசனை கூறும் இரசாயனவியலாளராகச் சிறு ஆய்வுகூடம் வைத்துப் பிழைப்பை நடத்தினார்.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பணம் வந்த வழிகளில் ஒன்று நீதிமன்றம். ஆலைப் புகையால் பயிர் கருகியது என்று நிலக்காரர் வழக்குப் போடுவார். இரண்டு பக்கத்துக்கும் நிபுணர்கள் சாட்சி சொல்வார்கள். கூலி கொடுத்தவர் பக்கமே அறிவியலும் சாயும். ஸ்மித் இதை வெறுத்தார். நிபுணர் நீதிமன்றத்துக்குப் பொதுவானவராக இருக்கவேண்டும் என்று 1860ஐ ஒட்டிப் பேசியும் எழுதியும் வந்தார். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் இது அடித்தளம் என்று நான் நினைக்கிறேன். எந்தப் பக்கமும் நிற்காமல் அளப்பவர் ஒருவர் தேவை என்று சொன்னவருக்கே அந்த வேலை வந்து சேர்ந்தது.

மழைநீரை ஏந்தியவர்

1852இல் மான்செஸ்டரின் காற்றையும் மழையையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நகரத்திலிருந்து வெளியே போகப் போக மழைநீரின் தன்மை மாறுவதை அதில் காட்டினார். தூரத்து வயல்வெளிகளில் அமோனியாவின் காபனேற்று, புறநகரில் அமோனியாவின் சல்பேற்று, நகரத்தின் உள்ளே கந்தக அமிலமே என்று மூன்று வளையங்களாக அவர் கண்டார். நிலக்கரியில் இருக்கும் கந்தகம் எரிந்து, புகையாகி, மழையோடு இறங்குகிறது. துணியின் சாயம் மங்குவதும், இரும்பு துருப்பிடிப்பதும், கட்டடக் கல் உதிர்வதும் இதனால்தான் என்றார். இருபது வருடங்கள் கழித்து, 1872இல், காற்றும் மழையும் பற்றிய தமது பெரிய நூலில் அமில மழை என்ற சொல்லை எழுதினார்.

ஆய்வில் தம்மையே பணயம் வைக்கவும் அவர் தயங்கவில்லை. சுரங்கத் தொழிலாளர் சுவாசிக்கும் கெட்ட காற்றைப் புரிந்துகொள்ள, ஈயத் தகடு அடித்த சிறு அறை ஒன்றைச் செய்து, காற்று புகாமல் மூடி, உள்ளே தாமே உட்கார்ந்து என்ன ஆகிறது என்று கவனித்தார். அலெக்சாண்டர் மக்டூகல் என்பவரோடு சேர்ந்து கார்போலிக் அமிலம் கலந்த கிருமிநாசினித் தூள் ஒன்றையும் உருவாக்கினார். கார்லைல் நகரக் கழிவுநீரின் நாற்றத்தை நீக்கக் கார்போலிக் அமிலம் பயன்பட்ட செய்திதான் அறுவைச் சிகிச்சையில் அதைப் பயன்படுத்தும் எண்ணத்தை ஜோசப் லிஸ்டருக்குக் கொடுத்தது என்பது மருத்துவ வரலாறு.

உப்பும் நஞ்சும்

இனிக் கதை ஆனையிறவுச் சரக்கான உப்புக்கு வருகிறது. சவர்க்காரம், கண்ணாடி, துணி மூன்றுக்கும் சோடா வேண்டும். அதை உப்பிலிருந்து செய்யும் லெப்லான் முறை பிரான்சில் தோன்றி, 1820களில் இங்கிலாந்தில் வேரூன்றியது. உப்பின்மேல் கந்தக அமிலத்தை ஊற்றிச் சூடாக்கவேண்டும். அப்போது ஐதரோகுளோரிக் அமிலம் வாயுவாகக் கிளம்பும். கணக்குப் பார்த்தால் ஒரு தொன் உப்புக்கு 600 கிலோவுக்கும் மேல். ஆரம்பத்தில் இதை அப்படியே புகைபோக்கி வழியே விட்டார்கள். செயின்ற் ஹெலன்ஸ், விட்னஸ் போன்ற ஊர்களைச் சுற்றி மரங்கள் இலையின்றி நின்றன. வேலிகள் கருகின. ஜேம்ஸ் மஸ்பிராட் போன்ற ஆலைக்காரர்கள் வழக்குகளுக்குப் பயந்து புகைபோக்கிகளை மேலும் உயரமாகக் கட்டினார்கள். பக்கத்து ஊருக்குப் போகவேண்டிய நஞ்சு அடுத்த மாவட்டத்துக்குப் போனது.

தீர்வு 1836இலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. வில்லியம் கொசேஜ் என்பவர் பயனற்றுக் கிடந்த காற்றாலை ஒன்றைச் சுள்ளியும் புதரும் கொண்டு நிரப்பி, மேலிருந்து நீர் ஒழுகவிட்டு, கீழிருந்து வாயுவை ஏற்றினார். வாயு நீரில் கரைந்துவிட்டது. வழி தெரிந்திருந்தும் எல்லோரும் அதைச் செய்யவில்லை. செய்தவர்களும் ஒழுங்காகச் செய்யவில்லை. அந்தப் பகுதியில் பெருநிலம் வைத்திருந்த டார்பி பிரபு 1862இல் பிரபுக்கள் சபையில் விசாரணைக் குழு ஒன்றைக் கேட்டுப் பெற்றார். அதன் விளைவு 1863இன் அல்கலிச் சட்டம். கிளம்பும் ஐதரோகுளோரிக் வாயுவில் 95 சதவீதத்தையாவது பிடித்துக் கரைக்கவேண்டும் என்பதே அதன் சாரம். நச்சு வாயுவுக்கு எண்ணால் வரம்பு விதித்து, அதை அளப்பதற்கு அறிவியல் கற்ற அரசு அதிகாரியை நியமித்த முதல் சட்டங்களில் ஒன்று அது. அந்த அதிகாரி ஸ்மித். அவருக்குக் கீழே நான்கு உதவிப் பரிசோதகர்கள். ஒரு தேசத்துக்கு ஐந்து பேர்!

அளவுகோலோடு போனவர்

1864 தொடக்கத்தில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஸ்மித்துக்கு 46 வயது. ஒரு புகைபோக்கியில் எத்தனை சதவீத வாயு தப்புகிறது என்று கண்டுபிடிக்க அன்று ஆயத்தமான கருவியோ முறையோ இருக்கவில்லை. அளக்கும் முறையையே அவர்கள் உருவாக்க வேண்டியிருந்தது. குழாய்க்குள் புகை ஓடும் வேகத்தை அளக்க உதவிப் பரிசோதகர் அல்பிரட் பிளெச்சர் ஒரு கருவி செய்தார். புகையை உறிஞ்சி மாதிரி எடுக்கும் கருவிகளும் உருவாயின. ஆலைக்காரரில் அநேகருக்குத் தங்கள் வாயு எவ்வளவு தப்புகிறது என்பதே தெரியாது. பரிசோதகர் வந்து அளந்து சொன்னபிறகுதான் தெரிந்தது. எங்கே கசிகிறது, கோபுரத்தை எப்படித் திருத்துவது என்றும் அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். முதலாவது ஆண்டிலேயே சராசரியாகத் தப்பிய வாயு சுமார் ஒன்றேகால் சதவீதமாகக் குறைந்தது. சட்டம் அனுமதித்ததோ ஐந்து.

அவர் பதவியில் இருந்த இருபது வருடங்களில் நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஸ்மித் ஒரு பொலிஸ்காரராக இருக்க விரும்பவில்லை. தண்டனைக்குப் பயந்தால் ஆலைக்காரர் மறைப்பார், மறைத்தால் அளக்கமுடியாது என்பது அவருடைய கணக்கு. இந்த இடத்தைப் படித்தபோது விருந்தில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக எனக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

சதவீதத்தின் ஓட்டை

சட்டம் வெற்றி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஊர்க்காரரின் முறைப்பாடு திரும்ப எழுந்தது. மரங்கள் இன்னும் பட்டுப்போயின. காரணம் எளிய கணக்கு. வாரத்துக்கு 100 தொன் உப்பு எரிக்கும் ஆலையில் 62 தொன் வாயு கிளம்பும். ஐந்து சதவீதம் என்றால் மூன்று தொன் வெளியே போகலாம், சட்டப்படி குற்றமில்லை. பக்கத்தில் இன்னும் பத்து ஆலைகள் வந்தால் முப்பது தொன். ஒவ்வொருவரும் சட்டத்தைக் காக்கிறார், ஊர் கருகுகிறது. அதோடு கந்தக வாயுக்களை அந்தச் சட்டம் தொடவே இல்லை. செம்பு உருக்கும் ஆலைகள் அதற்கு வெளியே நின்றன. சோடா ஆலைகளின் பக்கத்தில் குவிந்த கழிவு மேடுகளிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. ஸ்மித் ஆலைக்காரருக்கு நண்பராகிவிட்டார், கடுமை போதாது என்று குற்றஞ்சாட்டினார்கள். 1876இல் இதையெல்லாம் விசாரிக்க அரச ஆணைக்குழுவும் அமைந்தது.

தமது சட்டத்தின் குறையை ஸ்மித்தும் அறிந்திருந்தார். 1874இல் வந்த திருத்தம் சதவீதத்தோடு இன்னொரு அளவையும் சேர்த்தது. வெளியே போகும் புகையின் ஒவ்வொரு கன அடியிலும் 0.2 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 13 மில்லிகிராம் அமிலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. எண் சொல்லமுடியாத வாயுக்களுக்கு, நடைமுறையில் இயன்ற மிகச் சிறந்த வழியைக் கையாளவேண்டும் என்ற விதியும் வந்தது. 1881இன் சட்டம் மேலும் பல வகைத் தொழிற்சாலைகளை உள்ளே கொண்டுவந்தது. இயன்ற வழி என்ற அந்தச் சொற்றொடர் நீளக்கூடியது, சுருங்கவும் கூடியது. எது இயலும் என்று தீர்மானிப்பவர் யார்? செலவு அதிகம் என்று ஆலைக்காரர் சொன்னால் எதுவரை கேட்பது? நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் மேசையிலும் இதே கேள்விதான் கிடந்தது.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். பிடித்து வைத்த அமிலத்தை ஆற்றில் கொட்டினார்கள். ஆறு செத்தது. ஆற்று மாசைத் தடுக்கும் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் பரிசோதகராக ஸ்மித்தே நியமிக்கப்பட்டார். அதற்குள் வெல்டன், டீகன் என்ற இருவர் ஐதரோகுளோரிக் அமிலத்திலிருந்து குளோரீனைப் பிரிக்கும் முறைகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். குளோரீன் வெளிற்றும் தூளாகித் துணி ஆலைகளுக்குப் போனது. காற்றில் விட்ட நஞ்சு காசாயிற்று. மனிதன் அதைக் கவனமாகப் பிடித்துத் தாங்கிகளில் அடைக்கத் தொடங்கிய காலம் அது. மேவிஸ் வீதியில் ஓட்டையோடு கிடந்த தாங்கியின் முன்கதை இதுதான்.

முடிவும் மறதியும்

ஸ்மித் திருமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரரின் மகள் அவரோடு இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஸ்கொட்லாந்தின் பழங்கதைகளிலும் தொல்பொருட்களிலும் ஈடுபாடு கொண்டு லொக் எட்டிவ் பகுதியைப் பற்றி 1879இல் ஒரு நூலும் எழுதினார். பதவியில் இருந்தபடியே 1884 மே 12ஆம் திகதி வேல்சின் கொல்வின் பே என்ற கடற்கரை ஊரில் இறந்தார். பிளெச்சர் அவருடைய இடத்துக்கு வந்தார். அந்தப் பரிசோதனைத் துறை நூறு வருடங்களுக்கும் மேல் நீடித்தது. அமில மழை என்ற சொல்லை மட்டும் உலகம் மறந்துவிட்டது.

அதைத் தூசு தட்டி எடுத்தவர்களில் முக்கியமானவர் ஒரு கனேடியர். ஹலிபாக்சில் பிறந்த எவில் கோர்ஹாம் 1950களில் இங்கிலாந்தின் ஏரிகளில் மழைநீரை ஆராய்ந்தபோது ஸ்மித்தின் பழைய நூலுக்குப் போனார். பின்னர் ஒன்ராறியோவில் சட்பரியைச் சுற்றி அதே வேலையைச் செய்தார். சட்பரியின் நிக்கல் ஆலை 1972இல் 381 மீற்றர் உயரமான புகைபோக்கியைக் கட்டியது. சட்பரியின் காற்று தெளிந்தது. கந்தகம் தூரத்து ஏரிகளுக்குப் போனது. மஸ்பிராட்டின் புகைபோக்கிக் கதை மீண்டும் நடந்தது. கனடாவும் அமெரிக்காவும் 1991இல் ஒப்பந்தம் செய்து வெளியேறும் மொத்தத் தொன்களுக்கே வரம்பு வைத்தபிறகுதான் மழை திருந்தியது. சதவீதத்தின் ஓட்டை அடைபட ஏறத்தாழ 120 வருடங்கள்.

ஸ்மித்தின் முறை எங்கும் வேலை செய்யும் என்று நான் சொல்லமாட்டேன். தூத்துக்குடியில் செம்பு ஆலையின் புகை பற்றி ஆலை சொன்ன அளவுகளை மக்கள் நம்பவில்லை. 2018 மே 22ஆம் திகதி பொலிசார் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். பொதுவாக நின்று அளப்பவர் ஒருவர் இல்லாத இடத்தில், அல்லது இருந்தும் அவரை யாரும் நம்பாத இடத்தில், பேச்சு வீதிக்கு வந்துவிடுகிறது. ஆலைக்காரர் ஸ்மித்தை நம்பினார்கள். ஊர்க்காரர் பலர் நம்பவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது என்பது அவருடைய வாழ்க்கையின் துயரம்.

மிசிசாகா விபத்துக்குப் பின்னர் ஒரு விசாரணை நடந்தது. 1980இல் அபாயகரமான பொருட்களை ஏற்றிச் செல்வது பற்றிய சட்டம் கனடாவில் வந்தது. சூடேறும் தாங்கியைக் கண்டுபிடிக்கும் கருவிகள் பாதையோரம் பெருகின. வெப்பத்தை அளந்து எச்சரிப்பவை அவை, யாரையும் தண்டிப்பதில்லை.

நண்பரை அண்மையில் மறுபடி சந்தித்தேன். நான் மூடிய தொழிற்சாலை ஒன்றுகூட இல்லை என்பதை இந்தமுறை வெட்கமில்லாமல் சொன்னேன். ஆனால் நாங்கள் அனுமதித்த ஐந்து சதவீதங்கள் யார் யாருடைய மரத்தில் போய் விழுந்தன என்று நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் இந்தமுறை சிரிக்கவில்லை.